இறங்க விடாதே: பறக்கும் பகைக்கு எதிராகக் கோட்டை கட்டுவது

கோட்டைக்கு நான்கு லட்சணம் வேண்டும் என்பார்கள்: உயரம், அகலம், திண்மை, யாரும் எளிதில் நெருங்க முடியாத அருமை. டிராகன் ஒன்று பறந்து வந்தால் இவற்றில் எது மிஞ்சும்? உயரமான மதிலை அது திரும்பிக்கூடப் பார்க்காது. அகழியில் முதலை விட்டிருந்தால் ஆபத்து முதலைக்குத்தான். திண்மை உதவும், அதுவும் கூரையில் இருந்தால். கடைசியாகச் சொன்ன அருமையை மட்டும் புதிதாக யோசித்து உண்டாக்க வேண்டும். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

பகலில் நான் கட்டட வரைபடம் போடுகிறவள். வாரக் கடைசியில் நண்பர்களுக்குக் கற்பனை உலகச் சாகச விளையாட்டு நடத்துகிறேன். மேஜையில் வரைபடம், கையில் பகடை, ஆளுக்கொரு பாத்திரம். எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி கிரிஃபின் படை வைத்திருக்கிறான். கிரிஃபின் என்றால் கழுகுத் தலையும் சிறகும் சிங்க உடலும் கொண்ட கற்பனை விலங்கு. எப்பேர்ப்பட்ட கோட்டையை வரைந்து வைத்தாலும், "அக்கா, மேலே திறந்துதானே கிடக்கு?" என்று கேட்டுவிட்டு நேராக நடு முற்றத்தில் படையை இறக்கிவிடுவான். அவன் வாயை அடைக்கச் சேர்த்தவைதான் இந்தக் குறிப்புகள். கதை எழுதுகிறவர்களுக்கும் பயன்படும்.

இந்தச் சிக்கலுக்குப் பெரும்பாலானவர்கள் சொல்லும் விடை, கோபுரத்துக்குக் கோபுரம் ஒரு ராட்சத வில்பொறி. படம் வரைந்தால் அழகாக இருக்கும். நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். வானம் முழுவதையும் காவல் காப்பது நடக்கிற காரியமில்லை. அதே சமயம், மேலேயே சுற்றிக்கொண்டிருந்து யாராலும் ஒரு கோட்டையைப் பிடிக்கவும் முடியாது. தீ வைக்க, ஆளைத் தூக்க, வீரர்களை இறக்க, எதற்கும் கீழே வந்தாக வேண்டும். எங்கே, எப்போது, எவ்வளவு தாழ்வாக வருவது என்ற முடிவைப் பகையின் கையிலிருந்து பிடுங்குவதுதான் நம் வேலை.

முதலில் எடை போடுங்கள்

வருவது எது என்று தெரியாமல் ஒரு கல்லைக்கூட வைக்காதீர்கள். வௌவால் கூட்டம் போல வரும் சின்ன உயிர்கள், ஆளைச் சுமந்து வரும் கிரிஃபின், நெருப்புக் கக்கும் டிராகன் மூன்றுக்கும் ஒரே ஏற்பாடு செல்லாது. சின்னவற்றுக்கு வலையும் மூடிய ஜன்னலும் போதும். பெரியவைதான் உண்மையான தலைவலி. நல்ல வேளையாக, பெரியவற்றுக்குத்தான் பலவீனமும் அதிகம்.

ஒரு கழுகை எடுத்துக்கொள்வோம். சிறகு விரிப்பு 2 மீட்டர், எடை 5 கிலோ. அதை அப்படியே 4 மடங்கு பெரிதாக்கினால் சிறகு விரிப்பு 8 மீட்டர் ஆகும். எடையோ 4-ஐ மூன்று முறை பெருக்கி 64 மடங்கு, அதாவது 320 கிலோ. சிறகின் பரப்பு 16 மடங்குதான் கூடுகிறது. ஆகவே சிறகின் ஒவ்வொரு சாணும் முன்பைவிட 4 மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். விழாமல் பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் 2 மடங்காகிறது. அந்த வேகத்தில் வளைந்து திரும்ப வேண்டிய வட்டம் 4 மடங்காகிறது. பெரிய விலங்கு மெதுவாகப் பறக்க முடியாது, சட்டென்று திரும்ப முடியாது, நினைத்த இடத்தில் பொத்தென்று உட்காரவும் முடியாது.

நிஜ உலகிலும் இதற்குச் சாட்சி உண்டு. குவெட்சால்கோட்லஸ் என்ற பழங்காலப் பறக்கும் ஊர்வனவின் சிறகு விரிப்பு சுமார் 10 மீட்டர், எடை 200 கிலோவுக்கு மேல் என்று கணிக்கிறார்கள். பறந்த உயிர்களில் நமக்குத் தெரிந்த மிகப் பெரியவற்றில் அதுவும் ஒன்று. உங்கள் டிராகன் யானை எடை இருக்கும் என்றால் தாராளமாக இருக்கட்டும், ஆனால் அதை எது தூக்கி நிறுத்துகிறது என்று ஒரு விதி எழுதிவையுங்கள். "மந்திரம்" என்று சொல்லித் தப்பிக்கலாம். மந்திரம் எடையைக் குறைக்கிறது என்றால் அந்தப் பெரிய சிறகைப் புயல் காற்று அடித்துக்கொண்டு போகும். எடை அப்படியே இருக்கிறது என்றால் தரையிறங்கும் அதிர்ச்சியைக் கால்கள் தாங்க வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எதுவானாலும் கோட்டைக்காரனுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

மேலே போனால் குறி தவறும்

"அம்பு எட்டாத உயரத்திலிருந்து பாறையைப் போட்டால்?" என்பது தம்பியின் அடுத்த கேள்வி. கணக்கைப் பார்ப்போம். நல்ல வில்லிலிருந்து விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் கிளம்பும் அம்பு, காற்றின் தடையே இல்லாவிட்டாலும் நேர்மேலே 127 மீட்டர்தான் ஏறும். அங்கே போய்ச் சேரும்போது அதில் உயிர் இருக்காது. ஆகவே 150 மீட்டர் உயரத்தில் பறக்கிறவனுக்கு வில்லைப் பற்றிக் கவலையில்லை.

ஆனால் 300 மீட்டரிலிருந்து போட்ட பாறை தரையைத் தொடக் கிட்டத்தட்ட 8 விநாடி ஆகும். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பறக்கிறவன் இலக்குக்கு 150 மீட்டருக்கு முன்னாலேயே கையை விட வேண்டும். இடையில் வீசும் காற்று வேறு. அத்தனை தூரத்திலிருந்து ஒரு கோபுரத்தைக் குறி பார்த்து அடிப்பது அதிர்ஷ்டம்தான். குறி சரியாக விழ வேண்டுமானால் 50, 60 மீட்டருக்கு இறங்கணும். இறங்கினால் வில்லாளிக்கு வேலை வந்துவிடும். நெருப்பு கக்குகிறவனுக்கு இந்தக் கட்டாயம் இன்னும் அதிகம், ஏனென்றால் சுவாலை எவ்வளவு தூரம்தான் போகும்?

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் செய்ததும் இதுதான். 1940-ன் நடுவில் அங்கே சுமார் 1,400 தடுப்புப் பலூன்கள் எஃகுக் கம்பியில் கட்டி மிதக்கவிடப்பட்டிருந்தன. கம்பியில் விமானம் சிக்கி விழுவதைவிட, கம்பிக்குப் பயந்து உயரத்திலேயே பறந்து குறி தவறவிடுவதுதான் பெரிய பலன். உங்கள் கோட்டையில் பலூன் இல்லாவிட்டால் பட்டம் இருக்கிறது. காற்று நிலையாக வீசும் மலைக்கோட்டையில் பெரிய பட்டங்களை வடக்கயிற்றில் ஏற்றி, கயிற்றில் ஆங்காங்கே கொக்கி கட்டிவிடுங்கள். காற்று நின்றால் பட்டமும் விழும் என்பது இதில் உள்ள குறை. கதைக்கு அது குறையில்லை.

முற்றம்தான் முதல் ஓட்டை

மதில், கோபுரம் எல்லாம் இருந்தும் நடுவில் ஒரு பெரிய மைதானத்தைத் திறந்து போட்டிருக்கும் கோட்டைகளைப் பார்த்தால் எனக்கு வரைபடத்தைக் கிழித்துப்போடத் தோன்றும். விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில், உடலை 45 பாகை சாய்த்துத் திரும்பும் ஒரு விலங்குக்குச் சுமார் 46 மீட்டர் விட்டமுள்ள வட்டம் வேண்டும். அதைவிடக் குறுகலான முற்றத்துக்குள் அதனால் வட்டமடித்து இறங்க முடியாது. ஒரே வீச்சில் சறுக்கி வந்துதான் இறங்கணும். ஆகவே ஒரு பெரிய முற்றத்தை நான்கு சின்ன முற்றங்களாக உடையுங்கள். நடுவே சுவர், மரம், நீர்த்தொட்டி, தூண் வரிசை எதை வேண்டுமானாலும் வையுங்கள். நீளமான நேர் ஓட்டம் மட்டும் எங்கும் இருக்கக் கூடாது.

அடுத்தது தலைக்கு மேல் சங்கிலி. நீர்த்தேக்கங்களிலும் குப்பைக் கிடங்குகளிலும் கடற்காகங்கள் இறங்காமலிருக்க இணையாகக் கம்பி இழுத்துக் கட்டுவார்கள். இடைவெளியில் புகுந்து வர இடமிருந்தும் பறவைகள் தயங்கும். சிறகில் அடிபடுவதை எந்தப் பறவையும் விரும்பாது. கோபுரத்துக்குக் கோபுரம் இதையே செய்யலாம். கயிறு வேண்டாம், எரிந்துவிடும்.

சங்கிலியிலும் ஒரு விஷயம் இருக்கிறது, தொழில் புத்தியில் சொல்கிறேன். 30 மீட்டர் இடைவெளியில், மீட்டருக்கு 2 கிலோ எடையுள்ள சங்கிலியை விறைப்பாக, நடுவில் 1 மீட்டர் மட்டும் தொய்வு விட்டுக் கட்டினால், அதன் சொந்த எடையே இரு முனையிலும் சுமார் 225 கிலோ இழுக்கும். தொய்வை 3 மீட்டராக விட்டால் இழுப்பு 75 கிலோவுக்கு இறங்கிவிடும். இருபது சங்கிலியை விறைப்பாகக் கட்டிவிட்டுக் கோபுரச் சுவர் ஏன் விரிசல் விடுகிறது என்று கேட்காதீர்கள். நன்றாகத் தொங்கவிடுங்கள். ஒரு முனையைச் சுவரில் அறையாமல், கப்பி வழியாக விட்டு ஒரு கனத்த கல்லைத் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. விலங்கு மோதினால் சங்கிலி அறுபடாது, கல்லைத் தூக்கிக்கொண்டு நீளும். சிக்கியது சிக்கியதுதான்.

பகலில் சங்கிலி கண்ணுக்குத் தெரியும்படி சிவப்புத் துணி கட்டிவிடுவதா, தெரியாமல் விட்டு அடிபட வைப்பதா என்று கேட்டால், நான் துணி கட்டுவேன். மோதி விழும் 320 கிலோ நம் சமையற்கட்டின் மேல்தான் விழும்.

இனிக் கூரை. தட்டையான மொட்டைமாடி பறக்கிறவனுக்குப் போட்ட விருந்துப் பாய். கோபுர உச்சிகளைச் செங்குத்தான கூம்பாக்கி வழுவழுப்பான ஓடு பதியுங்கள். காலூன்ற முடியாது. மதில் மேல் நடைபாதைக்குக் கல்லால் வளைவுக்கூரை போடுங்கள். காவலர்களைக் கொத்திக்கொண்டு போவது அத்தோடு நிற்கும். மதிலின் விளிம்பில் ஊசி நடுங்கள். சிலப்பதிகாரம் மதுரை மதிலில் இருந்த பொறிகளை வரிசையாகச் சொல்லும் இடத்தில் 'கைபெயர் ஊசி' என்று ஒன்று வருகிறது. மதிலின் தலையைப் பற்றி ஏறுகிறவர்களின் கையைக் குத்தும் ஊசி என்று உரை சொல்கிறது. இன்று ஜன்னல் விளிம்பில் புறா உட்காராமலிருக்க வைக்கிற முள்ளும் வேலையில் அதன் தம்பிதான். கைக்கு வைத்ததை நகத்துக்கும் வைக்கலாம், கொஞ்சம் நீளமாக.

காற்று யார் பக்கம்

இதை நான் யார் கதையிலும் அதிகம் பார்த்ததில்லை. குன்றின் மேல் கட்டிய கோட்டை தரைப்படைக்கு எதிராக அருமையானது. பறக்கிறவனுக்கோ அது இலவசச் சவாரி. சரிவில் மோதும் காற்று மேல்நோக்கித் திரும்பும். அந்த ஏற்றத்தில் சிறகை அசைக்காமல் மணிக்கணக்கில் மிதக்கலாம். ஆண்டிய காண்டோர் என்ற பெரும் கழுகினத்தை ஆராய்ந்து 2020-ல் வெளியான ஆய்வில், அவை பறக்கும் நேரத்தில் சிறகடித்தது சுமார் 1 விழுக்காடு மட்டுமே. ஒரு பறவை ஐந்து மணி நேரத்துக்கு மேல் 172 கிலோமீட்டர் ஒரு முறைகூடச் சிறகடிக்காமல் போயிருக்கிறது.

ஆகவே உங்கள் குன்றில் எந்தப் பருவத்தில் எந்தத் திசையிலிருந்து காற்று என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். காற்று மோதும் பக்கத்தில்தான் அவர்கள் காத்திருப்பார்கள். வில்லாளிகள் அங்கே. எதிர்ப்பக்கம், அதாவது கோட்டைக்குப் பின்னால், காற்று சுழன்று கலங்கும். அங்கே தாழ்வாகப் பறப்பது ஆபத்து, இறங்குவது அதைவிட. தானியக் களஞ்சியம், குழந்தைகள், மருத்துவ அறை எல்லாம் அந்தப் பக்கம் போகட்டும். தரையிறங்கும்போது பெரிய பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் வரும், வேகம் குறைய வேண்டுமே. எந்தப் பக்கம் முகம் வைத்து வரும் என்பது இதனால் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

வெயில் தரையைச் சுட்டால் வெப்பக்காற்று எழும். முற்பகலிலிருந்து மாலை வரை அவர்களுக்கு நல்ல நேரம். விடியலும் மழையும் நமக்கு நல்ல நேரம். சுவரில் ஓட்டை அடைப்பது, உணவு வண்டி வருவது எல்லாம் அப்போது.

கண்ணும் காதும்

காவலனை விடியலில் கோபுரத்தில் ஏற்றி மாலையில் இறக்கினால் அவன் எதையும் பார்த்திருக்க மாட்டான். நார்மன் மாக்வொர்த் என்ற உளவியலாளர் 1948-ல் வெளியிட்ட ஆய்வில், அரிதாக வரும் ஒரு குறிப்பைக் கவனிக்கச் சொன்னவர்கள் அரை மணி நேரத்திலேயே தவறவிடத் தொடங்கிவிட்டார்கள். வெறும் வானத்தைப் பார்ப்பதும் அதே வேலைதான். அரை மணிக்கு ஒரு முறை ஆளை மாற்றுங்கள். சூரியன் இருக்கும் பக்கத்துக்கு இரண்டு பேர், ஏனென்றால் புத்தியுள்ள எவனும் அங்கிருந்துதான் வருவான்.

மனிதனைவிட நல்ல காவலாளி கரிச்சான் குருவி. தன் கூட்டின் பக்கம் பருந்து வந்தால் துணிந்து துரத்தும். காகமும் கூட்டமாகக் கத்தும். கோட்டைக்குள் உயர்ந்த மரங்களை விட்டுவையுங்கள், அவை கூடு கட்டட்டும். டிராகனைக் கரிச்சான் விரட்டாது, ஆனால் கூச்சல் முதலில் அங்கிருந்துதான் வரும்.

இரவுக்குக் காது. ரேடார் வருவதற்கு முன் இங்கிலாந்தின் டெஞ்ச் கடற்கரையில், 1928-க்கும் 1930-க்கும் இடையே, விமானச் சத்தத்தைக் குவித்துக் கேட்கக் கான்கிரீட்டில் குழிந்த சுவர்கள் கட்டினார்கள். மிகப் பெரியது 200 அடி நீளம். கல்லில் குழிந்த சுவர் கட்ட உங்கள் கொத்தனாருக்குத் தெரியாதா என்ன?

தீ

தீயைப் பொறுத்தவரை கூரையில் கீற்றோ வைக்கோலோ இருந்தால் மற்ற எதுவும் பயனில்லை. டிராகன்கூட வேண்டாம், சிட்டுக்குருவி போதும். கீவ் அரசி ஓல்கா 946-ல் இஸ்கொரோஸ்தென் நகரை முற்றுகையிட்டபோது, வீட்டுக்கு மூன்று புறாவும் மூன்று சிட்டுக்குருவியும் கப்பமாகக் கேட்டு வாங்கி, அவற்றில் கந்தகம் கட்டிக் கொளுத்தி விட்டாளாம். பறவைகள் அவரவர் கூட்டுக்குத் திரும்ப, ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் எரிந்தது என்கிறது பழைய ருஷ்ய வரலாற்றுக் குறிப்பு. நடந்ததோ இல்லையோ, அதில் உள்ள யோசனை அசல். பல இடத்தில் ஒரே நேரத்தில் பற்றினால் எந்தத் தண்ணீரும் போதாது.

ஓடு, கல், மண் பூசிய கூரை. மரம் தவிர்க்க முடியாத இடத்தில் ஈரத்தோல். குதிரை லாயத்துக்கும் வைக்கோல் போருக்கும் நடுவே வெட்டவெளி வேண்டாம், சுவர் வேண்டும். வாளி மணல் எல்லா மாடியிலும். கோட்டைக்கு ஒரு மைல் தள்ளி, ஆளில்லாத இடத்தில் விறகுக் குவியல்கள் தயாராக இருக்கட்டும். பிரிட்டனில் 1940-ன் இறுதியிலிருந்து நகரங்களுக்கு வெளியே பொய்த் தீ மூட்டிக் குண்டுவீச்சைத் திசைதிருப்பினார்கள். இருட்டில் மேலிருந்து பார்க்கிறவனுக்கு எரிவதுதான் ஊர்.

ஆயுதம்

இப்போது வில்பொறி. வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சுழலும் மேடையில். 1870-ல் ஜெர்மானியப் படை பாரிஸை முற்றுகையிட்டபோது, ஊரிலிருந்து தப்பிப் பறந்த பலூன்களைச் சுட ஜெர்மனியின் க்ரூப் ஆயுத நிறுவனம் வண்டியில் ஏற்றிய, எந்தப் பக்கமும் திருப்பக்கூடிய துப்பாக்கியைச் செய்து தந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட பலூன்கள் ஊரைவிட்டுப் பறந்துபோயின, சுடப்பட்டு விழுந்தவை சொற்பம். அப்படியானால் துப்பாக்கி வீண்தானா என்றால் இல்லை. அதற்குப் பயந்து பலூன்கள் இரவில் கிளம்ப ஆரம்பித்தன. இருட்டில் திசை தெரியாமல் அலைந்தன.

பெரிய கவண்கல் பொறி எல்லாம் அசையாத மதிலுக்கு எதிரானவை, பறப்பதற்கு எதிராக வீண். இரண்டு குண்டுகளைச் சங்கிலியால் இணைத்து எறிவதும், ஓரத்தில் ஈயம் கட்டிய வலையும் நல்ல யோசனைகள். சிறகு மடங்கினால் போதும், கொல்லத் தேவையில்லை. மேல்நோக்கி எய்த அம்பெல்லாம் திரும்பி வரும் என்பதை மறக்காமல் ஆட்களைக் கூரைக்குக் கீழே வையுங்கள்.

ஒரு கதவைத் திறந்து வையுங்கள்

எல்லா இடத்தையும் அடைத்தால் பகை யோசிக்கத் தொடங்கும். யோசிக்க விடக் கூடாது. ஒரே ஒரு முற்றத்தை மட்டும் விருப்பமாக இறங்கும்படி விடுங்கள். தட்டையான தரை, சங்கிலி கிடையாது, காற்றை எதிர்த்து வர வசதியான நீளம், நடுவில் இரண்டு ஆடு. நான்கு பக்கமும் உயர்ந்த சுவர்.

சிலியில் காண்டோர் பிடிக்கும் முறையை டார்வின் விவரித்திருக்கிறார். குச்சிகளால் அடைத்த ஒரு வளைப்புக்குள் இறந்த விலங்கைப் போடுவார்கள். பறவை வயிறு முட்டத் தின்றதும் குதிரையில் பாய்ந்து வந்து வாசலை அடைப்பார்கள். ஓடி வேகம் பிடிக்க இடமில்லாததால் அதனால் மேலே எழ முடியாது. நம் முற்றமும் அதே வளைப்புதான். இறங்க இடமுண்டு, எழும்ப இல்லை. இறங்கியதும் இருபுறத்திலிருந்தும் சங்கிலியை மேலே இழுத்துக் குறுக்கே ஓடவிடுங்கள். ஓட்டத்தின் நீளம் பாதியாகும்.

ஒரு எச்சரிக்கை. குவெட்சால்கோட்லஸ் போன்றவை ஓடாமல், முன்கால்களை ஊன்றி நின்ற இடத்திலிருந்தே குதித்து எழும்பியிருக்கும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். உங்கள் டிராகனும் சிறகையே முன்காலாக ஊன்றி நடக்கிற வகை என்றால் சுவர் மட்டும் போதாது. மேலே வலையை விரிக்கும் ஏற்பாடும் வேண்டும், அது விநாடிகளில் விழ வேண்டும்.

சுவர்களில் தரையிலிருந்து ஆள் உயரத்தில் ஈட்டித் துளைகள், நீளமான ஈட்டி, பின்னால் கல் கூரைக்குக் கீழே ஆட்கள். விலங்கின் முதுகிலிருந்து இறங்கும் வீரர்களை மறந்துவிடாதீர்கள். தம்பி அந்த முற்றத்தில் முதலில் இறங்கியபோது கிரிஃபின்களை விட்டுவிட்டு ஆட்களை மட்டும் உள்கோட்டைக் கதவுக்கு ஓடவிட்டான். இப்போதெல்லாம் அந்த முற்றத்தை வரையும்போது உள்கோட்டைப் பக்கம் கதவே வைப்பதில்லை. ஆடுகளை மேலிருந்து கூடையில் இறக்குகிறேன், ஈட்டிக்காரர்கள் நிலவறை வழியாக வருகிறார்கள். வெளிமதில் பக்கம் மட்டும் ஒரு சின்ன வாசல் உண்டு. அது அகழிக்குத் திறக்கும், அங்கே முதலைகள் இருக்கின்றன.